பன்னிரண்டாம் வசனத்துக்குப் பிறகு

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி நர்ஸ் குவார்ட்டர்ஸில் கடைசி அறை. கோரைப்பாயில் நானும் சிம்ஹாவும் எதிரெதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் ஒரு முக்காலி. அதன் மேல் இரண்டு புத்தகங்கள். அவளுடையது வலமிருந்து இடமாக ஓடும் எபிரேய எழுத்து. என்னுடையது முனை மடங்கிப்போன தமிழ் பைபிள், எங்கள் பேச்சில் வேதம்.

அவள் ஒரு வசனத்தை எபிரேயத்தில் இரண்டு முறை வாசிப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். நான் அதையே தமிழில் ஒரு முறை வாசிப்பேன். பிறகு அடுத்த வசனம்.

அறையில் முந்தின நாள் விளக்கெண்ணெய் வாடையும் டெட்டால் வாடையும் கலந்திருக்கும். பக்கத்துத் தெருவிலிருந்து தறிச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். அமாவாசைக்கு மட்டும் தறி ஓடாது. அமாவாசை சனிக்கிழமையில் வந்துவிட்டால் அவள் குரல் கேட் வரைக்கும் கேட்கும். வாட்ச்மேன் பீடியை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

இந்தத் தொடரில் இதுவரை என்னைக் கொஞ்சம் நல்லவளாகவே காட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக் கதைகளைப் படித்துவிட்டு "தங்கமான டீச்சர்" என்று எழுதிய வாசகிக்கு இந்த வாரம் ஏமாற்றமாக இருக்கும். இருக்கட்டும். இத்தனை வாரம் தள்ளிப்போட்டதே பெரிய விஷயம்.

கொச்சி சிஸ்டர்

சிம்ஹா கொச்சிக்காரி. யூதப் பெண். அவளுடைய ஜனத்தில் முக்கால்வாசிப் பேர் நான் அவளைப் பார்ப்பதற்குப் பல வருஷம் முன்பே இஸ்ரேலுக்குக் கப்பலேறிவிட்டார்கள். இரண்டு அக்காக்களும் போய்விட்டார்கள். அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் இவள் தங்கினாள். அப்பா காலமான பிறகு நர்ஸ் வேலைக்கு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தாள்.

யூதர் என்றால் யார் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. மலையாளத்துக் கிறிஸ்தவப் பெண் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள். முறைப்படி அறுத்துக் கொடுக்க ஆள் இல்லாததால் அவள் கறி சாப்பிடுவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் விளக்கேற்றுவாள். வெள்ளிக்கிழமை விளக்கு, கறி கிடையாது. அக்கம்பக்கத்து மாமிகளுக்கு அவளைப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

சனிக்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். அடுப்பு பற்றவைக்க மாட்டாள், பேனா தொட மாட்டாள். வெள்ளிக்கிழமையே போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைத்த காபியைத்தான் எனக்கும் தருவாள். மற்ற நர்ஸுகள் சர்ச்சுக்குப் போக ஞாயிறு டியூட்டியை இவள் பார்ப்பாள். பதிலுக்கு அவர்கள் சனிக்கிழமை டியூட்டியைப் பார்த்துக்கொள்வார்கள். உயிர் போகிற கேஸ் என்றால் மட்டும் சனிக்கிழமையும் ஓடுவாள். "அதுக்கு அனுமதி இருக்கு, டீச்சரே. உயிருதான் முதல்ல" என்பாள்.

நான் டைபாய்டில் மூன்று வாரம் படுத்துக் கிடந்தபோதுதான் பழக்கம். மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் என்று தெரிந்ததும் என் தலைமாட்டில் இருந்த வேதத்தைக் காட்டி, "எனக்கு இதை வாசிச்சுத் தர முடியுமா?" என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், கேட்டால் புரியும். எழுத்து மட்டும் தெரியாது.

மூலம் இரண்டு, தமிழ் ஒன்று

அது அவர்கள் வழக்கம். மோசேயின் ஐந்து ஆகமங்களையும் வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வருஷம் முடியும்போது ஐந்தும் முடியும். கடைசி வரியை முடித்த அன்றைக்கே முதல் வரியைத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு வாரப் பகுதிக்கும் துணையாகத் தீர்க்கதரிசிகளிடமிருந்து ஒரு வாசிப்பு உண்டு. எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எந்தக் காலத்திலோ பெரியவர்கள் வகுத்தது. வீட்டில் படிக்கிறவர்கள் மூலத்தை இரண்டு முறையும் மொழிபெயர்ப்பை ஒரு முறையும் படிக்க வேண்டும்.

"மலையாள வேதம் வாங்கித் தனியாவே படிச்சுக்கலாமே?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"தனியாப் படிச்சா அது முணுமுணுப்பு. எதிர்ல ஒரு ஆள் வேணும். அப்பா இருந்தவரைக்கும் அப்பா. அப்புறம், இருக்கிற ஊரு பாஷையிலயும் அது காதுல விழணும், டீச்சரே."

பகுதி முடிந்ததும் "மதி" என்பாள். மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை முத்தமிட்டு மூடுவாள். நானும் மூடுவேன். எனக்கு முத்தமிடக் கூச்சம்.

சிரிப்புக்கும் குறைவில்லை. ஆட்டு ரோமமும் சணல் நூலும் கலந்த துணியை உடுத்தக் கூடாது என்று ஒரு கட்டளை வந்தது. நான் பதறிப்போய், "பட்டும் பருத்தியும் கலந்தா?" என்றேன். என்னிடம் இருந்த ஒரே நல்ல புடவை அதுதான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அது கலக்கலாம். இந்தக் காஞ்சிபுரத்துல கம்பளிக்கு எங்க போறது? இந்தப் பாவத்தைப் பண்ணணும்னாக்கூட இங்க வழியில்ல."

"ஜெபத்துல வந்தது"

இப்போது என் சங்கதிக்கு வருகிறேன்.

நாங்கள் தென்னேரி ஏரிக்குக் கீழே சேரியிலிருந்து வந்தவர்கள். என் அப்பா காலம் வரைக்கும் கூலி வேலை. எங்கள் சபையில் எல்லோரும் சகோதரிகள்தாம். ஆனால் மாதர் சங்கக் கூட்டத்தில் சில சகோதரிகளுக்கு நாற்காலி, சில சகோதரிகளுக்குப் பாய். யாரும் நம்மைப் பாயில் உட்காரச் சொல்லமாட்டார்கள். நாமாகவே போய் உட்கார்ந்துவிடுவோம், அதுதான் விசேஷம். நான் டீச்சர் வேலைக்கு வந்து, கைக்கடிகாரம் கட்டின பிறகும் பாயில்தான் உட்கார்ந்தேன்.

ஒரு கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். ஆதாம் ஒளிந்துகொண்டபோது கடவுள் "எங்கே இருக்கிறாய்" என்று கேட்கிறாரே, அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஒளிந்திருப்பவன் தானாக வெளியே வருவதற்கு ஒரு வாசல் திறந்து விடுகிறார் என்று சொன்னேன். கூட்டம் அசந்துபோயிற்று.

அது சிம்ஹா சொன்னது. அவளுக்கு அவள் அப்பா சொன்னது.

சங்கத்தின் தலைவி ரஞ்சிதம் அக்கா கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்பிடிமா கிரேஸ், இதெல்லாம் உனுக்குத் தோணுது?"

"ஜெபத்துல வந்தது, அக்கா" என்றேன்.

இதை எழுதும்போது காது சூடாகிறது. அன்றைக்குச் சூடாகவில்லை. அதற்குப் பிறகு மாதா மாதம் சிம்ஹாவின் அறையில் சனிக்கிழமை கேட்டதை அப்படியே எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கூட்டத்தில் பாயை விட்டு பெஞ்சுக்கு வந்தேன்.

அப்புறம் வாய் சும்மா இருக்கவில்லை. ஆவணி மாதத்து வாரங்களில் ஏசாயா தீர்க்கதரிசியிடமிருந்து ஆறுதல் பகுதிகளாக வாசிப்பார்கள். ஒரு வாரம் ஐம்பத்திரண்டாம் அதிகாரம் பன்னிரண்டாம் வசனத்தோடு நிறுத்துவார்கள். அடுத்த வாரம் ஐம்பத்துநாலு. நடுவில் இருப்பது, அடிபட்டும் வாயைத் திறக்காத ஊழியனைப் பற்றிய அதிகாரம். இயேசுவைப் பற்றியது என்று பெரிய வெள்ளியன்று நாங்கள் கண்ணீரோடு வாசிப்பது. அது அவர்களுடைய வார வாசிப்பில் எங்குமே வருவதில்லை. முந்தின வருஷம் வாசித்தபோதே கவனித்திருந்தேன். சிம்ஹாவிடம் காரணம் கேட்டிருக்கலாம். கேட்காமல் ரஞ்சிதம் அக்காவிடம் சொன்னேன்.

அக்காவின் கண் விரிந்தது. "மறைக்கிறாங்க பாத்தியா? நீதான வாராவாரம் அவங்களுக்குத் தமிழ்ல படிக்கிற? அதையும் சேத்துப் படிச்சிடேன். ஒரு ஆத்துமாவக் கரை சேத்த மாதிரி ஆவும்."

"அவங்க நிறுத்துற எடத்துல நிறுத்தணும், அக்கா. அது வழக்கம்."

"யாரு வழக்கம்? நம்ம வழக்கமா?" என்றவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நானும் வரேன் அன்னிக்கி. அடுத்த வருசத்துக்கு சங்கத்துக்கு செயலாளர் பாக்கணும். உன் பேரத்தான் நெனச்சிக்கினு இருக்கேன்."

செயலாளருக்கு முன்வரிசையில் நாற்காலி.

தென்னேரிக் கல்

அந்தச் சனிக்கிழமை ரஞ்சிதம் அக்கா ஒரு டப்பா கேசரியோடு வந்தார். "சும்மா கேக்கலாம்னுதான் வந்தேன், சிஸ்டர்" என்றார். சிம்ஹாவுக்கு ஒரே சந்தோஷம். அவளுடைய வாசிப்பைக் கேட்க ஒருவர் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. நல்ல பாயை எடுத்து விரித்து, பிளாஸ்க் காபியை மூன்று தம்ளரில் பங்கிட்டாள். கடைசித் தம்ளரில் அரைதான் இருந்தது. அதைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

அந்த வாரத்து ஆகமப் பகுதியில் நீதிபதிகள், சாட்சிகள் பற்றியெல்லாம் வரும். நடுவில் அயலானுடைய எல்லைக்கல்லை நகர்த்தாதே என்று ஒரு வசனம். நான் அதைத் தமிழில் வாசித்ததும் சிம்ஹா கையைக் காட்டி நிறுத்தி, ரஞ்சிதம் அக்காவிடம் பெருமையாகச் சொன்னாள்: "இந்த வசனம் வந்தா எனக்கு டீச்சரோட அப்பா நெனப்புதான்."

அந்தக் கதையை முந்தின வருஷம் இதே வசனத்தின்போது அவளிடம் சொல்லியிருந்தேன். அப்பா பாடுபட்டு ஏரிக்குக் கீழே அரை ஏக்கர் வாங்கினார். பக்கத்து நிலத்துக்காரர் பெரிய கை. ஒரு நாள் வரப்பில் நின்று, "என்னாப்பா, பொண்ணு டீச்சருக்குப் படிக்குதாமே" என்று அப்பாவிடம் சிரித்துச் சிரித்துச் சுகம் விசாரித்தார். விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய ஆள் எல்லைக்கல்லைப் பிடுங்கி ஒரு முழம் எங்கள் பக்கம் தள்ளி நட்டான். அப்பா பார்த்துக்கொண்டே கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். நான் சோற்றுத் தூக்கோடு பக்கத்தில் நின்றேன்.

"அப்பிடியா" என்றார் ரஞ்சிதம் அக்கா. அவருக்கு அது முக்கியமில்லை.

மதி

ஆகமப் பகுதி முடிந்து ஏசாயாவுக்கு வந்தோம். நல்ல பகுதி அது. நீங்கள் அவசரப்பட்டு ஓடிப்போக வேண்டாம், முன்னாலும் பின்னாலும் கடவுளே காவலாக வருவார் என்று முடியும். சிம்ஹா கடைசி வசனத்தை இரண்டு முறை வாசித்தாள். நான் தமிழில் வாசித்தேன்.

"மதி" என்றாள். புத்தகத்தை முத்தமிட்டு மூடினாள்.

நான் மூடவில்லை. பதின்மூன்றாம் வசனத்தை வாசித்தேன்.

அவள் தலையை நிமிர்த்தினாள். நான் கவனப்பிசகாகத் தாண்டிவிட்டேன் என்று நினைத்திருப்பாள். "மதி, டீச்சரே. அவ்வளவுதான்" என்றாள், சிரித்துக்கொண்டே.

நான் நிறுத்தவில்லை. குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன். அதிகாரம் மாறியது. வகுப்பில் செய்யுள் வாசிக்கிற குரல் எனக்கு நன்றாக வரும்; அந்தக் குரலில் வாசித்தேன். ரஞ்சிதம் அக்கா கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டார். சிம்ஹா மூன்றாம் முறை எதுவும் சொல்லவில்லை. சிரிப்பு முகத்திலிருந்து மெதுவாக இறங்கிப்போயிற்று. மூடிய புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். வாயைத் திறக்காதவனைப் பற்றி நான் உருகி உருகி வாசித்தேன். எதிரே ஒருத்தி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது எனக்கு உறைக்கவில்லை.

முடித்ததும் ரஞ்சிதம் அக்கா "ஆமென்" என்றார். "எப்பிடி இருக்குது, சிஸ்டர்? இது யாரப் பத்தி சொல்லியிருக்குதுன்னு தெரியுதா?"

"எனக்கு அந்த அதிகாரம் தெரியும்" என்றாள் சிம்ஹா. "சின்ன வயசுல அப்பாவோட படிச்சிருக்கேன். நாங்க அதுக்கு வேற அர்த்தம் சொல்றோம். எதையும் ஒளிச்சு வைக்கல. கேட்டிருந்தா இன்னொரு நாள் நானே எடுத்து வாசிச்சிருப்பேன்."

பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"உங்க அப்பாகிட்ட சுகம் விசாரிச்சுட்டே கல்லை நகத்தினாரே ஒருத்தர். அவருக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்குமா, டீச்சரே?"

எனக்கு இப்போது தெரிகிறது. அது எங்கே இருக்கிறாய் என்று கேட்கிற கேள்வி. நான் வெளியே வரட்டும் என்று திறந்துவிட்ட வாசல். தப்புப் பண்ணிட்டேன் சிம்ஹா என்று அங்கேயே சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஊருக்கெல்லாம் அந்த வாசலைப் பற்றிப் பிரசங்கம் செய்தவள், "தெரியல" என்று சொல்லிவிட்டு எழுந்து செருப்பைத் தேடினேன். வேதத்தை முக்காலியிலேயே மறந்துவிட்டு வந்தேன்.

நாற்காலி

அதோடு நின்றேனா? இல்லை. அடுத்த கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். ஒரு யூத சகோதரிக்கு அந்த அதிகாரத்தை வாசித்தேன், அவர் கண்ணில் நீர் வழிந்தது என்றேன். வழியவே இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்த ரஞ்சிதம் அக்காவும் தலையை ஆட்டினார். கை தட்டினார்கள். நாற்காலி கிடைத்தது. பிரம்பு பின்னிய நாற்காலி, நடுவில் கொஞ்சம் தொய்ந்திருக்கும். அதில் உட்கார்ந்துகொண்டு, பாயில் இருந்த என் ஜனத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு சனிக்கிழமை நான் அவள் அறைக்குப் போகவில்லை. பிறகு வேதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு புதன்கிழமை போனேன். சனிக்கிழமை போகத் தைரியம் இல்லை. சிம்ஹா டியூட்டி முடிந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என் வேதத்தைத் துணியில் சுற்றி, தன் புத்தகத்தோடு சேர்த்து வைத்திருந்தாள்.

"நான் அழுதேன்னு சர்ச்சுல சொன்னியாமே. வார்டு ஆயா புஷ்பம் உங்க சர்ச்சுதானே, வந்து சொன்னா. எப்ப ஞானஸ்நானம்னு கேட்டா."

நான் வேதத்துக்குக் கையை நீட்டினேன்.

"அழுதேன்தான்" என்றாள். "நீ போன பிறகு. அந்த அதிகாரத்துக்காக இல்ல."

நான் அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஏன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்கிறேன். கேட்டால் நான் செய்தது என்னவென்று நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கும், அதனால்தான் என்று நினைக்கிறேன். வேதத்தை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்.

"சனிக்கிழமை வா" என்றாள் பின்னாலிருந்து. "எதிர்ல ஆள் வேணும்ல."

அரிச்சுவடி

போனேன். மறுபடியும் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். பாய், முக்காலி, பிளாஸ்க் காபி எல்லாம் முன்போலவே இருந்தன. அவள் பேச்சிலும் ஒரு மாற்றமும் இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் கேட்டதை மட்டும் அதன் பிறகு எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை. அதைப் பெரிய பிராயச்சித்தம் போல நினைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொஞ்ச மாதம் கழித்து அவள் அலமாரியில் ஒரு அரிச்சுவடியைப் பார்த்தேன். அணில், ஆடு படம் போட்டது. பக்கத்தில் ஒரு சிலேட்டு.

"இது எதுக்கு?"

"தமிழ் எழுத்துப் படிக்கிறேன். கம்பவுண்டர் சொல்லித் தர்றார்."

ஆஸ்பத்திரி முழுக்க அதே பேச்சு. கொச்சி சிஸ்டர் முப்பது வயசுக்கு மேல் அ, ஆ எழுதுகிறாள், நோயாளி பேரைத் தானே படிக்கிறாள் என்று எல்லோருக்கும் பெருமை. வார்டு புஷ்பம் என்னிடமே வந்து, "இன்னா டீச்சர், நீங்க இருக்கசொல்லோ அந்த சிஸ்டர் கம்பவுண்டர்கிட்ட போயி படிக்கிறாங்க?" என்று கேட்டாள். நான் பள்ளிக்கூட வேலை, நேரமில்லை என்று ஏதோ சொன்னேன். என்னிடம் ஏன் கேட்கவில்லை என்பது ஊரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆவணி வந்தது. அதே வாரம், அதே பகுதி. எல்லைக்கல் வசனத்தை நான் வாசித்தேன். அந்த வருஷம் அவள் என் அப்பாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஏசாயாவுக்கு வந்தோம்.

அவள் தன் புத்தகத்தோடு பாயில் நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் வேதத்தின் மேல் குனிந்து, முதல் வசனத்தின் முதல் எழுத்துக்குக் கீழே ஆள்காட்டி விரலை வைத்தாள். நான் வாசிக்க வாசிக்க விரல் வரிக்குக் கீழே ஊர்ந்து வந்தது. எழுத்துக்கூட்டுகிற வேகம்தான் அவளுக்கு. அதனால் நானும் மெதுவாகவே வாசித்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரி தவறாமல் இருக்க நான் சொல்லிக்கொடுக்கிற முறை அது.

பன்னிரண்டாம் வசனத்தின் கடைசி எழுத்தில் விரல் நின்றது. நான் நிறுத்தினேன். அவள் "மதி" சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நான் இரண்டு கையையும் வேதத்தின் மேலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் அவள் விரலை எடுத்தாள்.